மூன்றாம் மண்டலம்

மே மாதம், சஸ்கட்டூன்.
வாகனத் தரிப்பிட மூலையில் அழுக்குப் பனி ஒரு குவியல்
போகவா இருக்கவா என்று கிடக்கிறது.
நாற்றுப்பண்ணையில், லைலாக் வரிசைக்கு முன்னால்
நானும் வாகீசனும்.
எல்லாம் குச்சிகள்.
ஒவ்வொரு குச்சியின் கழுத்திலும் ஓர் அட்டை.
பூ அட்டையில் மட்டும்.

டாரியா, முழங்கால்வரை சேறு,
எங்கள் பெயரைக் கேட்கவில்லை.
காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று கேட்டாள்.
மைனஸ் நாற்பதில் சாகிற எதையும்
இந்த வரிசையில் வைப்பதில்லை என்றாள்.
குளிர் போதாவிட்டால்தான் இது பூக்காது.
குளிரைத் திட்டாத ஓர் உயிரை
இந்த ஊரில் அன்றுதான் சந்தித்தேன்.

என்ன நிறம்?
கத்தரிப்பூ நிறம் என்று வாய்க்கு வந்தது.
அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.
கத்தரி பூக்குமா என்றாள் டாரியா.
பூக்காமல் காய்க்குமா?
சரி, அது என்ன நிறத்தில் பூக்கும்?
யோசித்துப் பார்த்து,
லைலாக் நிறத்தில், என்றேன்.

வாகீசன் நிறத்துக்கு மசியாத ஆள்.
ஒவ்வோர் அட்டையிலும் ஒரே கேள்வி: மணக்குமா?
கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பான்,
காலை மிதித்துவிட்டவன் போல.
மூன்று வருடம் முன்பு எட்டு நாள் காய்ச்சல்.
எழும்பியபோது மூக்கு இருந்தது, மணம் இல்லை.
பால் அடிப்பிடித்தால்
புகையைக் கண்டுதான் ஓடுகிறேன்.

டாரியா கையால் காட்டிக்கொண்டே நடந்தாள்.
இது மஞ்சள் என்று பெயர்,
வெண்ணெய் எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு.
இது ஊதா, இதழுக்கு இதழ் வெள்ளைக் கரை போட்டது.
இது எல்லாவற்றுக்கும் முன்னால் பூக்கும்
(முந்திரிக்கொட்டை, என்றான் வாகீசன் என் காதில்),
கடைசி உறைபனியிடம் மொட்டைப் பறிகொடுத்துவிட்டு முழிக்கும்.
இது பழைய சாதாரண ஊதா,
வேர்க்கன்று விட்டு விட்டு
வேலிக்கு அடியால் பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும்.
பிறகு பிரெஸ்டன் வகை.
மற்றதெல்லாம் உதிர்ந்த பின், ஜூன் நடுவில்.
அடக்கமான வேர், சண்டை இல்லை.
ஆனால் மணம்…
மூக்கைச் சுருக்கினாள்.
கொஞ்சம் காரம். கொஞ்சம் சோப்பு.

இதுதான் எனக்கு, என்று சிரித்தேன்.
வேலியும் தப்பும், விலையும் பத்து டொலர் குறைவு,
சோப்பு மணந்தால் எனக்கென்ன?
வாகீசன் சிரிக்கவில்லை.
அட்டையைத் திருப்பித் திருப்பி
வெறும் முதுகுப் பக்கத்தைப் பார்த்தபடி சொன்னான்:
"திரும்பி வந்தா?
வரேக்க முதல் மணக்கிறது
சோப்பாவே இருக்க வேணும்?"

டாரியா ஒரு தொட்டியை நகர்த்தப் போனாள்,
நகர்த்தத் தேவையில்லாத தொட்டி.

பழைய ஊதாவை ஏற்றினோம்.
பின் இருக்கையில் பெல்ட் போட்டுப் படுக்க வைத்தோம்.
இலையுதிர் காலத்தில் கத்தரிக்கோலோடு போகாதே
என்று கண்ணாடி வழியாகக் கத்தினாள்:
இந்த வருடப் பூ போன கோடையிலேயே கட்டியது.
வெட்டினால் வெட்டுப்படுவது
வரப்போகிறது.

குசினி ஜன்னலுக்கு மேற்கே நட்டோம்.
மூன்று வருடம் ஆகலாம். நாலும் ஆகலாம்.
அடுத்த வீட்டு மெலனியிடம்
வேர் பற்றி முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.
வரட்டும், என் பக்கம் மொட்டையாகத்தானே கிடக்கு, என்றாள்.

இன்று தை மாதம், மைனஸ் முப்பத்தெட்டு.
குப்பை வைக்க வந்தவள்
பனிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சாணைப் பார்த்து நின்றேன்.
நுனியில் இரண்டு மொட்டு,
வாயை இறுக்கிக்கொண்டு, பக்கம் பக்கமாக.
குனிந்து மோந்தேன்.
பழக்கதோஷம்.

தொப்பியை மறந்துவிட்டு ஓடி வந்த வாகீசனும்
பக்கத்தில் குனிந்தான்.
மூக்குத் துவாரம் ஒட்டிப்போய்
இருமினான், கண்ணைத் துடைத்தான்.
"எனக்கும் ஒண்டும் மணக்கேல்ல," என்றான்.